வரிசை மாறாத அட்டைகள்

அட்டை டீச்சர் பயப்படாத பொருள் உலகத்தில் குறைவு. பல்லிக்குப் பயம், நாய்க்குப் பயம், மின்விசிறி கழன்று தலையில் விழுமோ என்று பயம். போன் அடித்தால் யாருக்கு என்ன ஆச்சோ என்று பயம். அடிக்காமல் கிடந்தால், யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது, நமக்குச் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று அதைவிடப் பெரிய பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். டீச்சருக்கு இருள வேண்டிய அவசியம்கூட இல்லை, நல்ல வெயிலிலேயே தெரியும். "நீ உன் நிழலுக்கே வழி விட்டு ஒதுங்குற ஆளு" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தனியாகச் சீட்டு ஆடித் தன்னையே ஜெயித்துக்கொண்டிருப்பார். கேலி செய்தாரே தவிர, பொய் சொல்லவில்லை.

இப்படி ஒரு பயந்தாங்கொள்ளி எப்படிப் பெரியவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வந்தாள் என்று கேட்டால், பயந்தாங்கொள்ளி என்பதால்தான் வந்தாள்.

சின்ன வயதில் ஒரு நாள் அவளைக் கரும்பலகை முன்னால் நிறுத்தி, எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்னார் வாத்தியார். அவளுக்குத் தெரியவில்லை. அவர் அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. படிக்கிற வரைக்கும் நில் என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். வகுப்பு முழுக்கக் காத்திருந்தது. ஒரு சத்தம் இல்லை. அந்த அமைதியில் அவள் நின்ற இடத்திலேயே உடுப்பை நனைத்துக்கொண்டாள். அடி வாங்கியவர்கள் அடியை மறந்துவிடுவார்கள். இவளால் அந்த அமைதியை மறக்க முடியவில்லை. வளர்ந்து ஒரு குழந்தைகள் பள்ளியில் டீச்சராகி, பல வருஷம் கழித்துத் தலைமையாசிரியை போடும் சத்தத்துக்குப் பயந்தே அந்த வேலையை விட்டாள். விட்ட கையோடு சலவை ஆலையிலிருந்து ஆள் வந்தது.

அது பெரிய ஆலை. சுற்று வட்டாரத்து ஆஸ்பத்திரிகளின் விரிப்புகளும் ஓட்டல்களின் துண்டுகளும் அங்கேதான் வெளுக்கும். வேலை செய்பவர்களில் பாதிப் பேர் சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். அவர்கள் பள்ளியை விட, எழுத்து அவர்களை விட்டுவிட்டது. வேலை முடிந்த பிறகு சாயங்காலத்தில் அவர்களுக்கு எழுத்துக் கற்றுக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். விரிப்பு மடிக்கும் அறையில் நீள மேசையைச் சுற்றி நாற்காலி போட்டு, துணி அடுக்கும் தட்டின்மேல் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து வகுப்பு தொடங்கியது. அறை முழுக்கச் சூடான பருத்தி வாசனை.

வந்தவர்களைப் பார்த்ததும் டீச்சருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நிம்மதி. தன்னைவிடப் பயந்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டு ஆள் கனத்தை முதுகில் ஏற்றிக்கொண்டு படியேறும் மூட்டைக்காரர், கையில் ஒரு பென்சிலைக் கொடுத்ததும் வியர்த்துப்போனார். அவர் அழுத்திய அழுத்தில் முனை ஒடிந்தது, அதற்கு எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். கிழிந்த விரிப்புக்கு ஒட்டுப் போடும் தையல்காரர் தினமும் கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தார். ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி தேவைப்படாத மனுஷருக்கு எழுத்தைப் பார்க்க மட்டும் எதற்குக் கண்ணாடி என்று டீச்சர் கேட்கவில்லை. எல்லோரும் கதவோரத்து நாற்காலிக்குத்தான் அடித்துக்கொண்டார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடிவிடலாம் அல்லவா. கூப்பிடவே மாட்டேன் என்று டீச்சர் முதல் நாளே வாக்குக் கொடுத்தாள். யாரையும் தனியாக எழுப்பிக் கேட்க மாட்டேன், யாரிடமும் தப்பு என்று சொல்ல மாட்டேன் என்றாள். அந்த ஒரு வார்த்தையில் அவர்கள் டீச்சரைத் தங்கள் வீட்டு மனுஷியாகவே நினைக்க ஆரம்பித்தார்கள்.

ஆலைக்கு முக்கியமாக வேண்டியிருந்தது, வேலையாட்கள் எச்சரிக்கைச் சொற்களைப் படிக்க வேண்டும் என்பது. அதற்காக டீச்சர் கெட்டி அட்டைகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லைப் பெரிதாக எழுதினாள். அமிலம். வெளுப்பான். நச்சு. எரியும். கலக்காதே. மூடி வை. கையுறை போடு. இப்படி ஒரு கட்டு. தினமும் கட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, சொல் அவர்கள் பக்கமும் வெறும் முதுகு தன் பக்கமுமாக ஒவ்வொன்றாகக் காட்டுவாள். முதல் அட்டை என்றைக்கும் அமிலம், கடைசி அட்டை என்றைக்கும் கையுறை போடு. மாற்றினால் குழம்பிவிடுவார்கள், குழம்பினால் பயந்துவிடுவார்கள் என்று மாற்றவே இல்லை. எங்கேயாவது அரை மூச்சு நேரம் அமைதி விழுந்துவிட்டால் அவளால் தாங்க முடியாது. உடனே வாயைக் குவித்து முதல் எழுத்தை உதட்டில் காட்டிவிடுவாள். வகுப்பு கணீரென்று மிச்சத்தைச் சொல்லிவிடும். அவளுக்கும் நிம்மதி, அவர்களுக்கும் நிம்மதி. இதில்தான் அட்டை டீச்சர் என்ற பேர் வந்தது. நல்ல வேளை, ரத்தம் உறிஞ்சும் அட்டை என்று யாரும் சொல்லவில்லை.

அந்த வகுப்பில் எல்லோரையும்விடக் கணீரென்று சொன்னவள் பெரியக்கா.

பெரியக்கா இஸ்திரிக் கூடத்து ஆள். உருளை இயந்திரங்கள் போடும் இரைச்சலுக்கு மேலே ஏறி ஒலிக்கும் குரல் அவளுக்கு. கூடத்தின் ஒரு கோடியில் நின்று திட்டினால் மறு கோடியில் நிற்பவன் கையிலிருக்கும் துணியைப் போட்டுவிடுவான். கல்யாணம், சண்டை, சாவு எதுவானாலும் ஆலையில் அவளைக் கேட்காமல் நடக்காது. ஆனால் வருஷக்கணக்காக அந்தச் சூட்டில் நின்று நின்று கால்கள் வீங்கிவிட்டன. சாயங்காலம் செருப்புக்குள் பாதம் நுழையாது. இன்னும் கொஞ்ச நாள் நின்றால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவள் கண் வைத்திருந்தது மருந்து அறையின் மேல். ஆலையில் ரசாயனத்தை மருந்து என்றுதான் சொல்வார்கள். துணியை வெளுக்க வைப்பது வெள்ளை மருந்து, கடைசி அலசலுக்கு ஊற்றுகிற அமிலம் புளிப்பு மருந்து. இரண்டும் ஒரே மாதிரி நீலக் கேனில், ஒரே மாதிரி மூடியோடு வரும். ஒட்டியிருக்கும் தாளைப் படித்தால்தான் எது எது என்று தெரியும். இரண்டும் சேர்ந்துவிட்டால் கிளம்பும் புகை மூச்சை அடைத்து ஆளைச் சாய்த்துவிடும். அதனால் படிக்கத் தெரிந்தவர் மட்டுமே அங்கே வேலை பார்க்கலாம். அந்த அறையில் சூடு இல்லை. முக்கியமாக, ஒரு நாற்காலி இருந்தது.

பழைய ஆள் விலகிப்போனதும், தேர்வு வைத்துத் தேறியவருக்கு அந்த வேலை என்றார் சூப்பர்வைசர். ஒவ்வொருவராகத்தான் கேட்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். டீச்சருக்கு அவர்களுக்காக நெஞ்சு அடித்துக்கொண்டது. நாம தினமும் செய்யறதுதான், அதே மாதிரிதான் என்று தைரியம் சொல்லி, அதே கட்டை அதே வரிசையில் காட்டினாள். எல்லோரும் தேறினார்கள். பெரியக்கா ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் கடகடவென்று சொன்னாள். சூப்பர்வைசர் அசந்துபோய் டீச்சருக்குக் கை கொடுத்தார். அடுத்த வாரமே பெரியக்கா மருந்து அறை நாற்காலியில் உட்கார்ந்தாள். வேலை நேரம் மாறிவிட்டதால் வகுப்புக்கு வருவது நின்றுபோனது. டீச்சர் வாழ்க்கையில் பெருமைப்பட்ட நாட்களைக் கை விரல் விட்டு எண்ணலாம். அதில் அது ஒன்று.

பிறகு ஒரு நாள் காலையில், அட்டைகளைத் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டு டீச்சர் அடுப்பைப் பார்க்கப் போனாள். வீட்டுக்காரர் கை சும்மா இருக்காது. கட்டு மாதிரி எதைப் பார்த்தாலும் சீட்டு என்றே அந்தக் கைக்கு நினைப்பு. எடுத்தார், இரண்டாகப் பிரித்தார், சரசரவென்று கலைத்தார், விளிம்பைத் தட்டி நேராக்கி ரப்பர் பேண்டைப் போட்டுப் பழையபடி வைத்தார். செய்தது அவருக்கே நினைவில் இல்லை.

சாயங்காலம் வகுப்பில் டீச்சர் கட்டை உயர்த்தினாள். முதல் அட்டை.

"அமிலம்" என்றது வகுப்பு.

அடுத்தது வெளுப்பான். அடுத்தது நச்சு. எரியும், கலக்காதே, மூடி வை என்று தேர் மாதிரி ஓடியது. தையல்காரர் கண்ணாடி இல்லாமலே தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். மூட்டைக்காரர் மேசையில் தாளம் போட்டார். கடைசி அட்டைக்கு எல்லோரும் சேர்ந்து கையுறை போடு என்று முழங்க, டீச்சர் சிரித்துக்கொண்டே அட்டையைத் தன் பக்கம் திருப்பினாள். மேலே ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டத்தான் திருப்பினாள்.

அட்டையில் 'எரியும்' என்று இருந்தது.

டீச்சருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கட்டை மடியில் வைத்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அவர்கள் அமிலம் என்று சொன்னபோது காட்டிய அட்டை, மூடி வை. வெளுப்பான் என்றபோது காட்டியது, நச்சு. ஒன்றுகூடப் பொருந்தவில்லை. வகுப்பு முழுக்க, ஒருவர் விடாமல், கண்ணெதிரே இருந்த சொல்லைப் பார்த்துக்கொண்டே வேறு சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள். அவளும் ஒவ்வொன்றுக்கும் சபாஷ் என்று தலையாட்டியிருக்கிறாள். யாருக்கும் எழுத்து தெரியவில்லை. வரிசைதான் தெரிந்திருக்கிறது. இத்தனை மாதமும் அவள் எழுத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை, பாட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

"என்ன டீச்சர், எல்லாம் சரிதானே?" என்று கேட்டார் மூட்டைக்காரர்.

"சரிதான்" என்றாள் டீச்சர். பழக்க தோஷம்.

அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டே கலைந்து போனார்கள். டீச்சர் மட்டும் எழுந்திருக்கவில்லை. பெரியக்கா மருந்து அறையில் இருக்கிறாள். இந்த நிமிஷம் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பக்கமும் நீலக் கேன்கள்.

உடனே ஓடினாளா என்றால், இல்லை. இதை மறைப்பதில் அர்த்தம் இல்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்துத்தான் நடந்தாள். நடக்க நடக்க மனசு ஒவ்வொரு சமாதானமாக எடுத்துக் கொடுத்தது. பெரியக்கா கெட்டிக்காரி, அவளுக்கு மட்டும் நிஜமாகவே எழுத்து வந்திருக்கும். ஒரு வாரமாக ஒன்றும் ஆகவில்லை, இன்றைக்கா ஆகிவிடப் போகிறது. வீட்டுக்குப் போய் அவரிடம் கேட்டுக்கொண்டு, நாளைக்கு வந்து பக்குவமாகச் சொல்லலாம். பயந்தவர்களுக்கு நாளை என்ற ஒன்று இல்லாவிட்டால் உயிர் வாழவே முடியாது.

வாசலில் காவலாளி வழக்கம்போல ஊர்க்கதையை ஆரம்பித்தார். அதில் நடுவே ஒன்று சொன்னார்.

"நம்ம பெரியக்காவுக்குத் தொண்டையே போச்சு டீச்சர். நாலஞ்சு நாளா ஜாடையிலதான் பேசுது. கண்ணு ரெண்டும் ரத்தமா கெடக்கு. கேட்டா, புது எடம் ஒத்துக்கலன்னு சொல்லுது."

டீச்சர் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எப்படி என்று புரியவில்லை, ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்பது மட்டும் புரிந்தது. திரும்பினாள். ஆலையின் முற்றம் அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நாய் ஒன்று எழுந்து பார்த்துக் குரைத்தது. மற்ற நாளாக இருந்தால் சுற்றிக்கொண்டு போயிருப்பாள். இன்றைக்கு அதைத் தாண்டிப் போனது அவளுக்கே பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மருந்து அறையின் கதவு திறந்திருந்தது. துவைக்கிற கூடத்து மெஷின்காரர் ஈர பூட்ஸோடு உள்ளே நின்று, வெள்ளை மருந்துத் தொட்டி காலியாகப் போகிறது, ஒரு கேன் எடுத்துக் கொடுங்கள் என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். பெரியக்கா நாற்காலியிலிருந்து எழுந்தாள். காவலாளி சொன்னது போலவே கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. கேன்கள் இருந்த பக்கம் போய் ஒன்றின் முன்னால் நின்றாள். அடுத்ததன் முன்னால் நின்றாள். கண்ணை மூடித் திறந்தாள். ஒன்றை இழுத்து, மூடியைத் திருகி, முகத்தைக் கீழே கொண்டுபோனாள்.

"மோந்து பாக்காதீங்க!"

கத்தியது யார் என்று மூன்று பேருமே திரும்பிப் பார்த்தார்கள், டீச்சர் உட்பட. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பது சும்மா இல்லை. மெஷின்காரர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். பெரியக்கா மூடியை மெதுவாக மூடிவிட்டு, கொஞ்சம் பொறுத்துத் தானே அனுப்புவதாக அவரிடம் கையைக் காட்டினாள். அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

டீச்சர் கிட்டே வந்தாள். தன் வாழ்நாளில் தானாகவே ஒரு பெரிய மனுஷியைத் தனியாக நிறுத்திக் கேட்ட முதல் கேள்வியை அப்போதுதான் கேட்டாள்.

"இந்தக் கேன்ல என்னக்கா எழுதியிருக்கு?"

பெரியக்கா கேனைப் பார்க்கவில்லை. டீச்சர் முகத்தைப் பார்த்தாள். தினமும் உதட்டில் வருகிற முதல் எழுத்து வருமா என்று பார்த்தாள். வரவில்லை.

"அட்டையில இருந்தா சொல்லிடுவேன் டீச்சர்" என்றாள். குரல் என்று ஒன்று இல்லை, காற்றுத்தான் வந்தது. "கேன்ல பாத்தா ஒண்ணும் தெரியல. எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மட்டும் மண்டையில ஏறலன்னு நெனச்சேன். உங்ககிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது? அவ்வளவு மெச்சினீங்களே."

"அப்ப இத்தன நாளா?"

"மூக்கால படிச்சேன். ரெண்டுக்கும் நெடி வேற. நல்லாத்தான் போச்சு. முந்தாநாள்ல இருந்து மூக்கும் செத்துப்போச்சு."

"அப்புறம் எப்படி எடுத்துக் குடுக்கிறீங்க?"

பெரியக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். இஸ்திரிக் கூடத்தையே ஆட்டிவைத்த அந்தப் பெரிய உடம்பு சின்னதாகத் தெரிந்தது.

"கண்ண மூடிக்கிட்டு, கடவுளேன்னு எடுக்குறேன்."

டீச்சர் குனிந்து கேனைப் பார்த்தாள். கொஞ்சம் முன்னால் மூடி திறந்த கேன், வெள்ளை மருந்துத் தொட்டிக்குப் போகவிருந்த கேன். அதில் ஒட்டியிருந்த தாளில் அமிலம் என்று இருந்தது. தொட்டியைச் சுற்றி வேலை செய்கிற அத்தனை பேர் முகமும் அவள் கண்முன் வந்து போனது. சுவரில் கை வைத்து நின்றாள்.

பெரியக்காவுக்கும் புரிந்துவிட்டது. டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். சூப்பர்வைசரிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்றாள். மறுபடியும் அந்த உருளைப் பக்கம் நிற்கக் காலில் தெம்பு இல்லை, அதைவிட, அத்தனை பேர் முன்னால் தலை குனிந்து திரும்பிப் போக மனசில் தெம்பு இல்லை. "இந்த ஒரு தடவ எது எதுன்னு சொல்லிட்டுப் போங்க டீச்சர். நான் கேன்மேல ஒரு கோடு போட்டு வச்சுக்கறேன். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

டீச்சருக்குச் சரி என்ற சொல் வாய் வரை வந்துவிட்டது. யார் கெஞ்சினாலும் சரி என்றே சொல்லிப் பழகிய வாய். கோடு போட்டால் இன்றைக்குச் சரி. நாளைக்குப் புதுக் கேன் வரும். பேசினால் தான் இளகிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். அதனால் பேசவே இல்லை. கையை விடுவித்துக்கொண்டு, கதவில் மாட்டியிருந்த சாவியை எடுத்து, பெரியக்காவை வெளியே அழைத்து அறையைப் பூட்டிவிட்டு சூப்பர்வைசர் அறைக்கு நடந்தாள். முதுகில் அந்தச் சிவந்த கண்கள் குத்திக்கொண்டே வந்தன. வழி முழுக்க அழுதாள்.

சூப்பர்வைசரிடம் சொன்னபோது அவள் பல் தந்தியடித்தது. தப்பு முழுக்கத் தன்னுடையது, யாருக்கும் எழுத்து வரவில்லை, தேர்வில் தேறியது ஒருவர்கூட இல்லை என்று சொல்லி முடித்தாள். அவர் முதலில் நம்பவில்லை, பிறகு வெளிறினார், பிறகு கத்தினார். தலைமையாசிரியை எல்லாம் அவர் பக்கத்தில் நிற்க முடியாது. அவள் நின்று கேட்டுக்கொண்டாள். கடைசியில், புது ஆள் வருகிற வரை மருந்து அறையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பெரியக்காவை அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பினார். திரும்பி வந்தால் இஸ்திரிக் கூடம்தான். எல்லோர் தேர்ச்சியும் ரத்து. வகுப்பை மூடுவதா வேண்டாமா என்று யோசித்து, நடத்துவதென்றால் நடத்திக்கொள்ளுங்கள், யாராவது வந்தால் பார்க்கலாம் என்றார்.

யாரும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மடிக்கும் அறையில் டீச்சர் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள். முற்றத்தில் எதிரே வருகிறவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். ஓய்வு முடிந்து பெரியக்கா கூடத்துக்குத் திரும்பிவிட்டாள் என்று கேள்விப்பட்டு, அந்தப் பக்கம் போகவே டீச்சர் பயந்தாள். வீட்டிலும் சரியாகச் சாப்பிடவில்லை. தினமும் காலையில் ஒன்று மட்டும் செய்தாள். அட்டைக் கட்டை வீட்டுக்காரர் முன்னால் வைத்து, நல்லா கலைச்சுக் குடுங்க என்பாள். நடந்ததை எல்லாம் கேட்டதிலிருந்து அவர் கேலி செய்வதை விட்டிருந்தார். ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த முதல் உருப்படியான வேலை என்று சொல்லி, இரண்டு தடவை கூடுதலாகவே கலைத்துக் கொடுப்பார்.

ஒரு சாயங்காலம் மூட்டைக்காரரும் தையல்காரரும் வந்தார்கள். கதவோர நாற்காலிகளில் ஒட்டி உட்கார்ந்தார்கள். டீச்சர் தயங்கித் தயங்கி, இத்தனை நாள் அட்டையில் என்னதான் பார்த்தீர்கள் என்று கேட்டாள்.

"அட்டைய எங்க பாத்தோம் டீச்சர்" என்றார் மூட்டைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே. "உங்க மொகத்தத்தான் பாத்தோம். நீங்க பயந்துடக் கூடாதுன்னு சத்தமா வேற சொன்னோம்."

டீச்சர் குனிந்து கையிலிருந்த கட்டைப் பார்த்தாள். அப்போது வாசலில் செருப்பு இழுபடும் சத்தம் கேட்டது. பெரியக்கா. வீங்கிய காலில் செருப்பைப் பாதிதான் நுழைத்திருந்தாள். யாரையும் பார்க்காமல் நேராக உள்ளே வந்து, கதவோரத்தை விட்டுவிட்டு, மேசைக்கு முன்னால் முதல் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். மன்னித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. முகம் உர்ரென்றுதான் இருந்தது.

"கலைச்சாச்சா?" என்றாள். குரல் அரத்தில் இழுத்த மாதிரி இருந்தது. அது இனிமேல் இப்படித்தான் இருக்குமாம், டாக்டர் சொன்னதாக மூட்டைக்காரர் பிறகு சொன்னார்.

"கலைச்சாச்சு."

"காட்டுங்க."

டீச்சர் மேலே இருந்த அட்டையைத் தான் முதலில் பார்த்துவிட்டு, திருப்பிப் பிடித்தாள். கலக்காதே.

பெரியக்கா பார்த்தாள். இந்தத் தடவை அட்டையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அறையில் ஒரு சத்தம் இல்லை. அந்த அமைதி ஏறிக்கொண்டே போனது. டீச்சருக்குக் கரும்பலகை முன்னால் நின்ற அந்தப் பிள்ளைக்கு வந்த பயம் அப்படியே வந்தது. முதல் எழுத்தை மட்டும் உதட்டில் காட்டினால் போதும், இது முடிந்துவிடும். உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள். அட்டையைக் கொஞ்சம் உயர்த்தி முகத்தையும் மறைத்துக்கொண்டாள்.

"மூடி வை" என்றாள் பெரியக்கா கடைசியில்.

டீச்சர் இப்போது சொல்ல வேண்டியிருந்தது, ஒருவரிடமும் சொல்ல மாட்டேன் என்று முதல் நாள் வாக்குக் கொடுத்த வார்த்தை. அமிலம் என்று எழுதியிருந்த அந்தக் கேனை நினைத்துக்கொண்டாள்.

"தப்பு" என்றாள்.

மூட்டைக்காரர் கதவைப் பார்த்தார். பெரியக்கா அசையவில்லை. பிறகு நாற்காலியைத் தரையில் கரகரவென்று தேய்த்து, அட்டைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கீழ எறக்கிடாதீங்க டீச்சர்" என்றாள். "இன்னொரு தடவ பாக்குறேன்."

டீச்சரின் கை வெடவெடவென்று நடுங்கியது. அட்டை இறங்கவில்லை.